பேரைக் கேட்டு ஊசி போடவும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், சிமெண்ட் லாரிகள் கிளப்பும் தூசியில் வேப்ப மரங்கள் எல்லாம் வெளுத்துப்போய் நிற்கிற ஓர் இடத்தில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே வேலை பார்ப்பவர்களின் பிழைப்பு கெடும். முன்பக்கம் டைல்ஸ் ஒட்டிப் புதுசு பண்ணியிருக்கிறார்கள். பின்னால் ஆண்கள் வார்டுக்குப் போனால்தான் கட்டடத்தின் உண்மையான வயசு தெரியும்.

நாங்கள் நர்சிங் இரண்டாம் வருஷம். மதிய ஷிஃப்ட் பயிற்சிக்கு அங்கே போட்டிருந்தார்கள். நாங்கள் என்றால் நானும் சண்முகப்பிரியாவும். என் பேர் மணிமொழி, ஊர் கீழப்பழுவூர். படிப்பில் நான் கொஞ்சம் கெட்டி, வாயிலும் கெட்டி. சண்முகப்பிரியா தங்கமான பெண், ஆனால் மருந்தியல் மட்டும் அவளுக்கு மண்டையில் ஏறவே ஏறாது. வாய்மொழித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் பஸ்ஸிலேயே நான் அவளைக் கேள்வி கேட்டுப் படுத்திக்கொண்டு வந்தேன்.

"அரை ஆயுள்னா என்ன, சொல்லு."

"உடம்புக்குள்ள போன மருந்து பாதியாக் குறையறதுக்கு ஆவற நேரம். சரியாடி?"

"சரி. இன்னொரு அவ்வளவு நேரம் போனா?"

"மீதியும் போயிடும்."

"போவாது. மிச்சத்துல பாதிதான் போவும். அப்பறம் அதுல பாதி."

"அப்ப எப்பதாண்டி முழுசாப் போவும்?"

"கணக்குப்படி போவவே போவாது. ஒரு அளவுக்குக் கீழ வந்துட்டா அதால எதுவும் பண்ண முடியாது, அவ்ளோதான்."

"எங்க சித்தப்பாவோட கோவம் மாதிரி" என்றாள். பக்கத்து சீட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு ஊசி போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஐந்து 'சரி'களைக் கேட்டேன். சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று கடகடவென்று சொல்லிவிட்டு நின்றாள். எப்போதும் அவள் விடுவது அந்த ஒன்றைத்தான்.

"ஆளை விட்டுட்டியே! சரியான நோயாளி. அதான்டி மொதல்ல. ஆள் மாறிட்டா மத்த நாலும் சரியா இருந்து என்ன பிரயோசனம்?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யாருன்னு தெரிஞ்சிடப்போவுது" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மாசம்.

வார்டுக்குள் நுழைந்ததும் பினாயில் வாசனை. அதற்கு அடியில் மெலிதாகப் பூண்டு நெடி. பூச்சி மருந்து உள்ளே போனவர்களின் மூச்சில் அந்த நெடி வரும் என்று படித்திருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊசி அறைச் சுவரில் ஒரு பழைய தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: பேரைச் சொல்லாதே. பேரைக் கேட்டு ஊசி போடவும்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்லிக்கொடுக்கிற விஷயம்தான். அரைத் தூக்கத்தில் இருப்பவரிடம் "நீங்கதான ராமசாமி?" என்று கேட்டால், அவர் கோவிந்தசாமியாக இருந்தாலும் "ம்" என்பார். அதனால் பேரை அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். ஆனால் இவ்வளவு பெரிய எழுத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஸ்டாஃப் நர்ஸ் மஞ்சு சிஸ்டர் பறந்துகொண்டிருந்தார். டாக்டர் சிசேரியனுக்குத் தியேட்டரில் தயாராக நிற்க, இவரும் போயாக வேண்டும்.

"உள்கோடி ஜன்னலோரம் சாமிதுரைன்னு ஒருத்தர். செட்டிகுளம் பக்கம். மக்காச்சோளத்துல படைப்புழுவுக்கு மருந்தடிச்சிருக்காரு, எதிர்க்காத்து, மூக்குல ஒரு துணிகூடக் கட்டல. காலைல வாயெல்லாம் நுரை, நெஞ்செல்லாம் சளி. அட்ரோபின் போட்டு இப்பதான் தேறிட்டு வர்றாரு. அத விடாம போட்டுக்கிட்டே இருக்கணும். ஊசி நின்னா விஷம் மறுபடி மேல ஏறிடும். புரியுதா?"

புரிந்தது. அட்ரோபின் என்பது அந்த விஷத்துக்கு முறிவு. விஷம் உடம்பில் உள்ள ஈரத்தையெல்லாம் திறந்துவிடும். கண்ணீர், எச்சில், வியர்வை, சளி என்று ஆள் தன் நெஞ்சுக்குள் ஊறும் நீரிலேயே மூழ்கிச் சாவான். கண்மணி கடுகாகச் சுருங்கும். அட்ரோபின் போய் எல்லாவற்றையும் அடைக்கும். வாய் காயும், தோல் சுடும், கண்மணி விரியும். அந்த மூன்றும் தெரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"சேர்க்கறப்ப அவரு சம்சாரத்துக்கிட்ட பேரைக் கேட்டா வாயே தொறக்கல" என்று சிஸ்டர் போகிற போக்கில் சலித்துக்கொண்டார். "மலை மேல இருக்கறவரும் வெள்ளக்காரனும் சேர்ந்த பேருங்குது. ஆதார் கார்டைப் பாத்துத்தான் எழுதினேன். இந்தக் காலத்துலயும் புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்களாம்!"

சண்முகப்பிரியா மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டாள். நான் பெண்கள் வார்டில் பிரஷர் பார்க்கப் போனேன். அப்போது மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் தியேட்டருக்கு மட்டும்தான். வார்டுக்கு இன்வெர்ட்டரில் ஒரே ஒரு லைட், அதுவும் வாசல் பக்கம்.

பிரஷர் பார்க்கும் வேலை முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. இடையில் இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன். இரண்டு தரமும் சண்முகப்பிரியா "போட்டுட்டேன்டி, கரெக்டாப் போட்டுட்டேன்" என்றாள். மருந்து அடைத்து வரும் கண்ணாடி ஆம்பியூல்கள் காலியாகத் தட்டில் கிடந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு பெண்ணின் கூச்சல் கேட்டது.

ஓடினேன். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு மனிதர் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்து நுரை தலையணையில் வழிந்தது. தலைமாட்டில் சுங்கடிச் சேலை கட்டிய ஓர் அம்மா, கலியம்மாள், அவர் வாயை முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதுகொண்டிருந்தாள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி கடுகுதான். நெஞ்சில் காதை வைக்காமலே கொதிக்கிற உலைச் சத்தம் கேட்டது. தோல் சில்லென்று நனைந்திருந்தது.

மத்தியானம் முழுக்க அட்ரோபின் ஏறிய உடம்பு இப்படி இருக்காது.

"நீ என்னடி போட்ட?" என்று கத்தினேன்.

"அட்ரோபின்தாண்டி! ஆம்பியூலப் பாரு!"

பார்த்தேன். மருந்து சரி. அளவு சரி. நேரமும் சரி.

கலியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "மத்தியானத்துலேர்ந்து யாரும் ஊசி போட வரலீங்களே, பாப்பா."

சண்முகப்பிரியா அவளைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் இருந்தவரைப் பார்த்தாள். அவரை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இவரா சாமிதுரை?"

"பின்ன?"

"அப்ப... அங்க இருக்கறவரு?"

அவள் கை காட்டிய இடத்தில் பச்சைத் துணி மாட்டிய மறைப்பு ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் மூலையில் இன்னொரு கட்டில்.

"நான் உள்ள வந்து சாமிதுரைன்னு கூப்பிட்டேன். அங்கேர்ந்துதாண்டி 'ம்'முன்னு சத்தம் வந்துச்சு. கைய நீட்டினாரு. கையில மருந்து ஏத்தற வென்ஃப்ளான் இருந்துச்சு. போட்டேன். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் 'ம்'முன்னாரு."

"அந்தப் பாப்பா மறைப்புக்குப் பின்னால போவுது, வருது" என்றாள் கலியம்மாள். "அங்க வேற யாரோ சீக்காளி இருக்காங்கன்னு நெனச்சேன்."

நான் மறைப்பை இழுத்தேன்.

கட்டில் காலி.

விரிப்புகூட இல்லை. கிழிந்த ரெக்சின் மெத்தை, அதன் நடுவில் ஆள் படுத்துப் படுத்து அமுங்கிய பள்ளம். பூண்டு நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. மழைக்காலத்து ரெக்சின் ஜில்லென்று இருக்க வேண்டும். நான் பள்ளத்தில் கையை வைத்தேன்.

சுட்டது.

காய்ச்சல்காரன் இப்போதுதான் எழுந்துபோன மாதிரி, காய்ந்து, சுட்டது. அட்ரோபின் ஏறிய உடம்பு அப்படித்தான் சுடும்.

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். ஆனால் பின்னால் ஓர் ஆள் செத்துக்கொண்டிருந்தார். "தியேட்டர்லேர்ந்து சிஸ்டரக் கூட்டிட்டு வா" என்று சண்முகப்பிரியாவை விரட்டிவிட்டு, நானே ஆம்பியூலை உடைத்து மருந்தை சிரிஞ்சில் ஏற்றினேன். சாமிதுரையின் கையைத் தொட்டு, கையில் கட்டியிருந்த பட்டையில் பேரைப் படித்து, கலியம்மாளிடம் "இவருதான உங்க வீட்டுக்காரர்?" என்று இரண்டு முறை கேட்டு, ஊசியைப் போட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்று போட்டேன். நுரை நிற்கவில்லை. கண்மணி அசையவில்லை. ரத்தத்தில் நேராக ஏறிய மருந்து கொஞ்ச நேரத்திலாவது அடையாளம் காட்டியாக வேண்டும். காட்டவில்லை. அப்போது மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

டக்.

நான் சாமிதுரைக்கு மருந்தை அழுத்த அழுத்த, அங்கே நாக்கு காய்ந்துகொண்டிருந்தது.

டக். டக்.

மஞ்சு சிஸ்டர் தியேட்டர் உடுப்போடு ஓடிவந்தார். சண்முகப்பிரியா வழியிலேயே எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். சிஸ்டர் சாமிதுரையின் கண்ணைப் பார்த்தார், மறைப்பைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டியா?"

சண்முகப்பிரியா அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"அவ்ளோ பெருசா எழுதி ஒட்டிருக்கனேடி!"

"சிஸ்டர், அங்க யாரு?" என்றேன்.

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "யாருன்னு தெரிஞ்சா நல்லாருக்குமே. எனக்கு வேலை புதுசா இருந்தப்ப ஒருத்தர லாரிக்காரங்க தூக்கிட்டு வந்து போட்டாங்க. ரோட்டோரம் கிடந்தாராம், இதே மருந்துதான். பேர் தெரியல, ஊர் தெரியல. போலீஸ்காரரு வந்து, காணாமப் போனவங்க பேரு ஒவ்வொண்ணாச் சொல்லிக் கேட்டாரு. அஜித்குமாரா? ம். மணிவேலா? ம். எல்லாத்துக்கும் ம். பேர் இருந்தாத்தான் வந்து பாக்க ஆள் வரும், மருந்து கிடைக்கும்னு அந்த மயக்கத்துலயும் அவருக்குத் தோணிருக்கு. ஊசி ஊசின்னு கைய நீட்டிக்கிட்டே போய்ச் சேந்தாரு. உடம்ப வாங்கக்கூட ஒருத்தரும் வரல."

"இப்ப?"

"இப்பவும் யார் பேரச் சொன்னாலும் ம்முங்கறாரு. அந்தப் பேரு அவரோடதாயிடுது. அந்த மருந்தும்."

சிஸ்டர் கலியம்மாளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "கலியம்மா, உங்க வூட்டுக்காரரப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. நாங்க கூப்பிட்டா எடுபடாது. சொந்தக்காரங்க கூப்பிட்டாத்தான் அவரு பேரு அவருக்குத் திரும்பி வரும். இதுக்கு முந்தி ஒருத்தரு, அவங்க அம்மா கூப்பிட்டுத்தான் பொழச்சாரு."

கலியம்மாள் பின்வாங்கினாள். "ஐயோ நர்சம்மா, பேரச் சொன்னா அவுரு ஆயுசு குறைஞ்சிடும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொன்னதில்ல. வேணி அப்பான்னுதான் கூப்பிடுவேன். வேணி அப்பான்னு கூப்பிடறேனே!"

"வேணி அப்பான்னா அவரு பேரா அது? சொல்லுங்கம்மா, போயிடுவாரு!"

சாமிதுரையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சுக்குள் உலைச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. நான் கடைசி ஆம்பியூலை சிரிஞ்சில் ஏற்றி, ஊசியை வென்ஃப்ளானில் சொருகித் தயாராக நின்றேன். என் வாயும் காய்ந்திருந்தது.

மறைப்புத் துணி மெல்ல உப்பி, அடங்கியது. யாரோ அதற்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

கலியம்மாள் முந்தானையை வாயில் வைத்தாள். புருஷன் முகத்துக்கு நேரே பேரைச் சொல்கிற துணிச்சல் அவளுக்கு அப்போதும் வரவில்லை. முகத்தை அப்படியே மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சாமிதுரை" என்றாள், கேட்டும் கேட்காமலும்.

பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "சாமிதுரை! எந்திரிச்சு வாய்யா! என் கூட வூட்டுக்கு வாய்யா!"

"ம்."

நான் மருந்தை அழுத்தினேன்.

மறைப்புத் துணி ஒருமுறை படபடத்து நின்றது. டக் டக் சத்தம் நின்றது. பூண்டு நெடி விளக்கை அணைத்தாற்போல் நின்றுபோனது. கட்டிலில் இருந்தவர் ஒரு பெரிய மூச்சை இழுத்தார். உலைச் சத்தம் குறைந்துகொண்டே வந்து அடங்கிப்போனது. டார்ச் வெளிச்சத்தில் கண்மணி எங்கள் கண்ணெதிரே விரிந்தது. வாயில் நுரை நின்று உதடு காய்ந்தது, தோல் சூடேறியது.

மூன்று அடையாளமும் வந்துவிட்டது. சண்முகப்பிரியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான். மஞ்சு சிஸ்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கலியம்மாள் புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு, மலை மேல் இருக்கிறவருக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். கரண்ட்டும் அந்த நேரம் பார்த்து வந்தது.

அவர் கண்ணைத் திறந்து எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். மனைவியைப் பார்க்கும்போதும் அதே பார்வைதான். பிறகு கையை நீட்டினார்.

"ஊசி" என்றார்.

அட்ரோபின் கூடினால் கொஞ்சம் பிதற்றுவார்கள். அது பக்க விளைவு. நான் அப்படித்தான் சண்முகப்பிரியாவுக்கு விளக்கினேன். ரெண்டொரு நாளில் மருந்து பாதி பாதியாகக் குறைந்து சரியாகிவிடும் என்றேன்.

அவர் தேறி வீட்டுக்குப் போனார். டாக்டர் எங்களைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஆனால் வார்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. மஞ்சு சிஸ்டர் பயந்துகொண்டே சோதித்துப் பார்த்திருக்கிறார். யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் மூலையிலிருந்து சத்தம் வருவதில்லை. மறைப்பை எடுத்துவிட்டார்கள். ரெக்சினில் விரிப்புப் போட்டார்கள். சுவரில் இருந்த தாளை மட்டும் சிஸ்டர் கிழிக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் சண்முகப்பிரியா ஐந்து சரிகளையும் வரிசை தப்பாமல் சொல்லிப் பாஸானாள். 'சரியான நோயாளி' என்று முதலில் சொல்லும்போது அவள் குரல் உடைந்ததாம். எக்ஸாமினர் தண்ணீர் கொடுத்தாராம்.

தை மாசம், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நல்ல உச்சி வெயிலில் நான் அவர்களைப் பார்த்தேன். கலியம்மாள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டு ஓடிவந்தாள். மெலிந்திருந்தாள். கூட பள்ளிக்கூட உடுப்பில் ஒரு பெண், வேணி. கொஞ்சம் தள்ளி சிமெண்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்தார். இன்னொரு பாட்டிலைத் திறந்தார்.

"எப்படி இருக்காரு?" என்றேன்.

"இருக்காரு, பாப்பா." அவள் பக்கத்தில் நெருங்கி, குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து இத்தன நாளாச்சு, எங்க காடு எந்தப் பக்கம்னு கேக்கறாரு. வளத்த நாயி கிட்ட வர மாட்டேங்குது. எந்நேரமும் தண்ணி தண்ணிங்கறாரு. பொழுது சாஞ்சா திண்ணைல உக்காந்துக்கிட்டு கைய நீட்டறாரு. இதுக்கு ஏதாச்சும் மாத்திர இருக்கா?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. பஸ் ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தோம். அவர் சுருக்கவில்லை. கண்மணி இரண்டும் இருட்டில் விரிகிற மாதிரி அகலமாக விரிந்திருந்தன.

எந்தக் கணக்குப் போட்டாலும் அந்த உடம்பில் இந்நேரம் அட்ரோபின் இருக்க முடியாது.

"வேணி, அந்தப் பைய எடு, பஸ் வந்துடுச்சு" என்று கலியம்மாள் மகளைக் கூப்பிட்டாள்.

"ம்" என்றார் அவர், பெஞ்சிலிருந்து.

கலியம்மாள் என்னைப் பார்த்தாள். "இப்படித்தான் பாப்பா. யாரக் கூப்பிட்டாலும்."

அவர்கள் செட்டிகுளம் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார், பக்கத்தில் அந்தக் குழந்தை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அன்றைக்கு அவள் பேரைச் சொன்னது என் மனசில் திரும்ப ஓடியது. புருஷன் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, எந்தப் பக்கம் திருப்பினாள்?

அவர் படுத்திருந்த ஜன்னல் பக்கம் அவள் முதுகு. மூலைக் கட்டிலைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள். என் கூட வீட்டுக்கு வாய்யா என்று அந்தப் பக்கம் பார்த்துத்தான் கத்தினாள்.

ஊருக்குப் போக வேண்டியவள் அரியலூர் பஸ் ஏறி வழியிலேயே ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். வார்டில் நல்ல வெளிச்சம். வாசல் பக்கம் இரண்டு பேர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சு சிஸ்டர் லீவு. மூலைக் கட்டில் காலியாக இருந்தது. வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. பக்கத்தில் போய் நின்றேன். பூண்டு நெடி இல்லை. நான் வீணாக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

விரிப்பில் கை வைத்தேன். சூடில்லை.

நனைந்திருந்தது. சில்லென்று, வியர்வை மாதிரி.

எந்தப் பேரையும் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்லவில்லை. படித்தபடி, சுவரில் எழுதியிருந்தபடி, கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்க பேர் என்னங்க?"

வாசல் பக்கம் டிவியில் யாரோ அவுட்டாகி ஆரவாரம் கேட்டது.

பிறகு வெறும் கட்டிலிலிருந்து, நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தத்தோடு, ஒரு களைத்த குரல் வந்தது.

"சாமிதுரைங்க. மத்தியானத்துலேர்ந்து யாரும் ஊசி போட வரலீங்களே, பாப்பா."